வாசலில் பேராசிரியர், உள்ளே ஷட்டரக்கா

எங்கள் அத்தைக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் கையில் இருப்பது கீழே விழும். டீ கிளாஸாக இருந்தாலும் சரி, கிரீஸ் டப்பாவாக இருந்தாலும் சரி. ஒன்பதாவதில் நான் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸ் என்று தெரிந்த அன்று அவள் கையில் இருந்தது டிரில் மெஷின். கீழே நின்ற மாமா காலை இழுத்துக்கொண்டார்.

"நல்ல வேளை, நீ கணக்குலயும் பாஸாகல" என்று மாமா இன்றைக்கும் சொல்வார்.

தெருவில் அவளுக்கு ஷட்டரக்கா என்று பெயர். கடை வாசல்களில் சுருண்டு ஏறி இறங்குமே இரும்பு ஷட்டர், அதை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. முதலில் அது மாமாவின் தொழில்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஒரு மருந்துக்கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மாமா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அத்தை, தூக்கைக் கீழே வைத்தாள், ஏணியில் ஏறினாள், ஸ்பிரிங்கை ஒரு தட்டுத் தட்டினாள். கடகடவென்று ஷட்டர் மேலே போனது. சந்தோஷத்தில் இறங்கும்போது தூக்கை உதைத்துவிட்டாள். அன்று முதல் ஏணி அவளுக்கு, போன் பேசுவது மாமாவுக்கு. நடுவில் நான் வந்து சேர்ந்தேன். மாமா வழியிலா அத்தை வழியிலா என்ற கதை இங்கே வேண்டாம், சோறு இரண்டு பேர் கையாலும் சாப்பிடுகிறேன்.

எங்கள் பட்டறை ஒரு நீட்டமான அறை. சுவர் முழுக்க ஸ்பிரிங்குகள் தொங்கும். கதவுத் தகடுகளை அடுக்கி வைத்த அடுக்குதான் சோபா. கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் அத்தையின் வேதாகமம் இருக்கும். அதன் ஓரமெல்லாம் அவள் கட்டைவிரல் கறுப்பு. எந்தப் பகுதி அவளுக்குப் பிடிக்கும் என்று தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டாம், எங்கே அழுக்கு அதிகம் என்று பார்த்தால் போதும்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தை பட்டறை ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிடுவாள். கடை மூடியாச்சு, ஆனால் ஆள் வரலாம் என்று அர்த்தம். கார் கழுவுகிற அண்ணன் வருவார். ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிற இரண்டு அக்காக்கள் வருவார்கள். ராத்திரி வேலைக்குப் போகும் வாட்ச்மேன் தாத்தா தொப்பியோடு வருவார். எல்லோரும் குனிந்துதான் நுழைய வேண்டும். "கர்த்தர் சந்நிதிக்கு இப்படித்தான் வரணும்" என்று அத்தை அதையும் ஒரு பிரசங்கமாக்கிவிடுவாள். இதற்கு நான் வைத்த பெயர் 'அரை ஷட்டர் கூட்டம்'. கிண்டலுக்கு வைத்தேன், நிலைத்துவிட்டது.

இவர்கள் யாரும் எங்கள் சபைக்கு வருவதில்லை. "அங்க எல்லாரும் இஸ்திரி போட்டுட்டு வருவாங்க ஷட்டரக்கா. நீங்க மேடையில பேசுற அன்னைக்குச் சொல்லுங்க, வரோம்" என்று கார் அண்ணன் ஒருமுறை சொல்லிவிட்டார். அதுதான் வினை. அந்த நாளிலிருந்து அத்தைக்கு அந்த மேடை வேண்டும். நகை வேண்டாம், புடவை வேண்டாம், அந்த மேடை வேண்டும்.

அது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் போதகர் மாற்றலாகிப் போன பிறகு புது ஆள் வரவே இல்லை. ஞாயிறுதோறும் சபைச் செயலாளர் பழைய பிரசங்கங்களைப் பார்த்து வாசிப்பார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் குரலைக் கேட்டால் பெஞ்சுகூடத் தூங்கும். எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் மேடையேற வேண்டுமென்றால் எல்லாச் சபைகளையும் மேற்பார்வை பார்க்கிற மேல்சபையிலிருந்து ஒருவர் வந்து, ஒரு பிரசங்கம் கேட்டு, முன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே எல்லோர் எதிரிலும் ஒரு கேள்வி கேட்பார். மேடையிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதோடு சரி, மூன்றாவது கிடையாது.

முதல் வாய்ப்பை அத்தை ஏற்கெனவே முழுங்கியிருந்தாள். அன்று வந்தவர் இறையியல் கல்லூரிப் பேராசிரியர். மெலிந்த மனிதர், சபை வரலாறு சொல்லிக்கொடுப்பவர். அப்போஸ்தலர் பவுல் கைதியாகக் கடைசியில் எந்த நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார் என்று கேட்டார். அத்தைக்குத் தெரிந்த கேள்வி! அதுதான் ஆபத்து. "இது எனக்குத் தெரியுமே!" என்று ஆரம்பித்து, கப்பலில் ஏற்றி, புயலடிக்க வைத்து, கப்பலை உடைத்து, எல்லோரையும் ஒரு தீவில் கரை சேர்த்து, தீ மூட்டி, பாம்பு கையைப் பிடிக்கிற இடத்துக்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. ரோமாபுரி வாயில் வரவே இல்லை. என் கணக்குப்படி பவுல் இன்னும் அந்தத் தீவில்தான் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது வாய்ப்புக்கு அதே பேராசிரியர்தான் வருவதாக ஏற்பாடு. பகுதியையும் அவரே சொல்லி அனுப்பினார்: பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்த கதை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயேசுவின் சீடர் பேதுருவை ராஜா பிடித்து உள்ளே போட்டுவிட்டான். ஒரு வீட்டில் எல்லோரும் கூடி அவருக்காக ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். தேவதூதன் வந்து சங்கிலியைக் கழற்றி, காவலர்களைத் தாண்டிக் கூட்டிவருகிறான். நகரத்துக்குப் போகிற வழியில் இருக்கும் இரும்புக் கதவு தானாகவே திறந்துகொள்கிறது. ஒரு தெரு தாண்டியதும் தூதன் போய்விடுகிறான். பேதுரு அந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் வருகிறாள். குரலைக் கேட்டதும் பேதுரு என்று தெரிந்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள்! உள்ளே இருந்தவர்களோ, உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். அவருடைய தூதனாக இருக்கும் என்கிறார்கள். அவர் பாட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அத்தை இரும்புக் கதவில் விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை. "எவ்வளவு கனம் இருந்திருக்கும்? மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. தானா எப்படி?" ஏணிமேல் நின்று கேட்பாள். சாப்பிடும்போது கேட்பாள். மாமா, "கீல்ல எண்ணெய் போட்டிருப்பான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அரைநாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் ரோதை பெயரை எடுத்தால் அத்தைக்கு முகம் சிவக்கும்.

"வாசல்ல ஆள் நிக்கிறாரு, இவ உள்ள ஓடுறா! வாசலைப் பார்த்துக்குறதுதானே அவ வேலை? என்கிட்ட இருந்திருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

"விடு அத்தை, சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணுன்னா? நீயும் சின்னப் பொண்ணுதான். நீ திறக்க மாட்டே?"

"நான் தட்டிட்டு ஓடுற ஆளு. திறக்குற டிபார்ட்மெண்ட் நீ."

அது உண்மைதான். சபையின் பக்கவாட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஒளிந்துகொள்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. செயலாளர் எழுந்து வந்து திறந்து, வெறும் காற்றிடம் "யாரது?" என்று மரியாதையாகக் கேட்பார். பார்க்கக் கண்கோடி வேண்டும். என் தொல்லை தாங்காமல்தான் அந்தக் கதவில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, அத்தையே கண்ணாடி பதித்துக்கொடுத்தாள். யார் என்று பார்த்துவிட்டுத் திறக்கலாமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் நாங்கள் ஆறு பேர்: அத்தை, மாமா, நான், செயலாளர், கமிட்டிக்காரர்கள் இருவர். அத்தை கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வளைய வந்துகொண்டிருந்தாள். செயலாளர் போனை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ரயில் ரத்தாம். தண்டவாளத்துல தண்ணியாம். ஐயா வர மாட்டாரு."

அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, மேல்சபையில அடுத்த வருஷம்தான் பார்ப்பாங்க. பார்த்தா."

செயலாளருக்கும் மனசு கேட்கவில்லை போல. "எதுக்கும் ஜெபம் பண்ணுவோம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். அவர் ஜெபித்தார். ரயிலுக்காக, தண்டவாளத்துக்காக, ஐயா எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று, உருக்கமாக, நீளமாக ஜெபித்தார்.

டொக் டொக்.

பக்கவாட்டுக் கதவு. செயலாளர் ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அத்தை எழுந்து நடைவழியில் போனாள். அந்தக் கண்ணாடிச் சதுரத்தில் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த நொடி நடைவழி அதிர்ந்தது. செருப்பு ஒருபக்கம், அவள் ஒருபக்கம், பறந்து வந்தாள்.

"வந்துட்டாரு! ஐயா வந்துட்டாரு! வாசல்ல நிக்கிறாரு!"

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" என்றார் செயலாளர். ஆமென் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. "இப்பத்தானே ரயில் இல்லேன்னாங்க."

"சார், நான் என் கண்ணால பார்த்தேன் சார்! குடையில்லாம நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு!"

"அது யாராவது பார்சல் கொண்டு வந்த பையனா இருப்பான். இல்லேன்னா இந்தக் குரங்கோட கூட்டாளி எவளாவது இருப்பா."

"சார், நான் இங்கதான இருக்கேன்!" என்றேன்.

"அதான் கூட்டாளின்னேன்."

டொக் டொக் டொக்.

"மூக்கு அவர் மூக்கு சார்! கண்ணாடி அவர் கண்ணாடி!" அத்தை குதிக்கிறாள். ஒரு கமிட்டிக்காரர், மழையில் எல்லா மூக்கும் ஒரே மாதிரிதான் தெரியும் என்கிறார். இன்னொருவர், ஐயா வருவதாக இருந்தால் முன்வாசல் வழியாகத்தானே வருவார் என்று சட்டம் பேசுகிறார். மாமா மெதுவாக, "ஏம்மா, நீ..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை யார் காத்திருப்பது?

எனக்கு அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கெக்கெக்கே என்று சிரிப்பு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குடி இளிக்கிற?"

"அத்தை... நீ கதவைத் திறந்தியா?"

டொக் டொக் என்று அந்தப் பக்கம் பொறுமையாகத் தட்டுகிறார்.

"நீ ரோதை அத்தை!" என்று கத்தினேன். "நீதான் ரோதை! சார்தான் அந்த வீட்டு ஆளுங்க! பைத்தியம்னுகூடச் சொல்லிட்டாரு!"

அத்தையின் முகத்தில் அப்போது ஓடியதை எப்படிச் சொல்வது? வெட்கம், பயம், அப்புறம் கண்ணுக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்று. "ஐயோ, தேவனே!" என்று திரும்பி ஓடினாள். இந்த முறை நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

கதவு திறந்தது. பேராசிரியர் சொட்டச் சொட்ட நின்றார். காய்கறி லாரியில் ஏறி வந்தாராம். தோளில் ஒரு கீரைத் தண்டு ஒட்டியிருந்தது.

"கண்ணாடியில ஒரு முகம் தெரிஞ்சுது" என்றார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "ரொம்ப சந்தோஷமான முகம். அப்புறம் காணோம்."

செயலாளர் துண்டு கொண்டு வந்தார். பிறகு என் காதோரமாக, "முடிஞ்சுது. வாசல்ல நிக்க வெச்சவங்களுக்கு மேடையா கிடைக்கும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம், வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேடையில் அத்தை ஏறியபோது அவள் விரல்கள் புடவை ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தன. இரும்புக் கதவைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். கனம், கீல், தாழ்ப்பாள். நன்றாகத்தான் போனது. பேதுரு தெருவைக் கடந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இந்த இடத்துல ரோதையைத் திட்டுறதா இருந்தேன்" என்றாள். "வீட்டுலயும் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். இவங்களைக் கேட்டா சொல்வாங்க. வாசல் வேலை தெரியாதவன்னு சொன்னேன். இன்னைக்குக் காலையில நானும் அதையேதான் செஞ்சேன். ஐயாவை மழையில நிக்க விட்டுட்டு உள்ள ஓடிட்டேன்."

சபை முழுக்க ஒரு சலசலப்பு. பேராசிரியர் துண்டைப் போர்த்தியபடி அசையாமல் இருந்தார்.

"ஓடுனப்பதான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. உள்ள எல்லாரும் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நல்ல ஜெபம்தான். ஆனா பதில் வந்து வாசல்ல நின்னப்ப, ஆமா வந்தாச்சுன்னு நம்புனது யாரு? அந்த வேலைக்காரப் பொண்ணு ஒருத்திதான். முகம்கூடப் பார்க்கல, குரல் போதும்னு நம்பிட்டா. அவளுக்குப் புத்தியில்லன்னு நினைச்சேன். அந்த வீட்டுலயே சந்தோஷப்படத் தெரிஞ்சவ அவதாங்க!"

செயலாளருக்கு இருமல் வந்தது.

"இன்னொண்ணு. இரும்புக் கதவு தானாத் திறந்துக்கிச்சு. வீட்டுக் கதவு திறக்கலையே, ஏன்? அதை மட்டும் தூதன் தொடல, தெருமுனையிலயே போயிட்டான். இரும்புக் கதவு கர்த்தரோட வேலை. நம்ம வீட்டுக் கதவுக்கு நாமதான் எழுந்து போகணும். சந்தோஷப்படுங்க, குதிங்க, ஆனா தாழ்ப்பாளை எடுத்துட்டுக் குதிங்க. இதை நான் எனக்குத்தான் சொல்லிக்கிறேன்."

ஒருவரும் தூங்கவில்லை. சத்தியமாக! பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சாரலில் சில தலைகள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஒரு தலையில் வாட்ச்மேன் தொப்பி.

அதோடு இறங்கியிருக்கலாம். அத்தை இறங்குவாளா? உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "அந்த ரோதைதான் பின்னால பெரிய சபைக்கே தலைவியா ஆனா! பேதுரு கூடவே ஊருக்கு ஊரு போயி ஊழியம் செஞ்சா!" என்று முடித்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். பவுலின் தீவு ஞாபகம் வந்திருக்கும்.

பேராசிரியர் பெஞ்சில் நிமிர்ந்தார்.

"என் கேள்வி இதுதான்மா. ரோதை தலைவியானாங்கிறது எங்க எழுதியிருக்கு?"

அத்தை கையிலிருந்த வேதாகமத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது ஓர் அதிகாரம், ஏதாவது ஒரு வசனம் சொல்லிச் சமாளிக்கலாம். பாதிப்பேருக்குத் தெரியப்போவதில்லை. எனக்கே நாக்கு துறுதுறுத்தது.

"எங்கயும் இல்லைங்கய்யா" என்றாள். "அந்த ராத்திரிக்கு அப்புறம் அவளைப் பத்தி ஒரு வரியும் இல்ல. சந்தோஷத்துல நானா சேர்த்துட்டேன். மன்னிச்சிருங்க."

செயலாளர் நெற்றியில் கை வைத்தார். பேராசிரியர் எழுந்தார். அவர் பேசியது அத்தைக்கா, சபைக்கா என்று தெரியவில்லை.

"இல்லதான். ஆனா ஒண்ணு இருக்கு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு, ஒரு ரோம ஆளுநர் தன் சக்கரவர்த்திக்கு எழுதினது இன்னைக்கும் கிடைக்குது. கிறிஸ்தவங்க என்னதான் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்க ரெண்டு அடிமைப் பொண்ணுங்களைச் சித்திரவதை பண்ணி விசாரிச்சேன்னு எழுதியிருக்கான். அந்த ரெண்டு பேரையும் சபை தன்னோட ஊழியர்கள்னு கூப்பிடுதுன்னும் அவனே எழுதியிருக்கான். கோயில் கட்டடம்னு ஒண்ணும் இல்லாத காலம், வீடுகள்லதான் கூடுவாங்க. நீங்க சொன்னது ரோதைக்கு நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ரோதை மாதிரிப் பொண்ணுங்களுக்கு நடந்திருக்கு."

அத்தை கையிலிருந்த வேதாகமம் தரையில் விழுந்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தை நடைவழியில் நடந்தாள். மாமா அவள் பின்னாலேயே நடந்தார். டீத்தட்டு கொண்டுபோகிற சாக்கில் நான் உள்ளே நுழைந்தபோது செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல மனுஷிதான் ஐயா. ஆனா நிதானம் இல்லையே. இல்லாததைச் சேர்க்குறாங்க."

"கேட்டதும் இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க" என்றார் பேராசிரியர். "எனக்கு அதை என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருஷக்கணக்காகுது. சரி, கை தூக்குங்க."

கமிட்டிக்காரர்கள் தூக்கினார்கள். செயலாளர் கை மெதுவாக ஏறி, பாதியில் நின்றது. "சார், ஸ்பிரிங் சிக்கிக்கிச்சா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது. ஆனால் கை மேலே போனது. முழுசாக! உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

நான் ஓடிப்போய்ச் சொல்லக் கூடாது என்று பேராசிரியர் என் காதைப் பிடித்துக்கொண்டார். அவரே டீ கிளாஸோடு நடைவழிக்கு வந்து, அத்தையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பிரசங்க மேடை உங்களுக்கு உண்டும்மா. வர்ற ஞாயிறிலிருந்து. ஒரே ஒரு நிபந்தனை. நீங்களா ஏதாவது சேர்த்தா, இது நான் சேர்த்ததுன்னு சொல்லிட்டுச் சேர்க்கணும்."

நான் அத்தையின் கால்களைத்தான் பார்த்தேன். பட்டறைக்கு, தெருவுக்கு, உலகத்தின் மறுகோடிக்கு ஓடிப்போகத் தயாராக நின்றன அந்தக் கால்கள். வாய் திறந்துவிட்டது, சத்தம் வரவேண்டியதுதான் பாக்கி.

டொக் டொக்.

பக்கவாட்டுக் கதவு. கண்ணாடிச் சதுரத்தில் ஒரு தொப்பி, ஒரு நனைந்த நெற்றி. பாத்திரம் தேய்க்கிற அக்கா எக்கி எக்கிப் பார்த்தார். மழையில் கார் கழுவ யார் கூப்பிடுவார்கள், அந்த அண்ணனும் நின்றார். அரை ஷட்டர் கூட்டம் முழுசும் வெளியே சாரலில் நின்றது.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் தண்ணீர் கட்டி, வெடிக்கப்போகிற பலூன் மாதிரி நடந்து போனாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைச் சுவரோடு சுவராகச் சாய்த்துத் திறந்தாள். அது மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க முதுகைக் கொடுத்து நின்றாள்.

"என்னாச்சு ஷட்டரக்கா? கிடைச்சுதா?" என்றார் கார் அண்ணன்.

"முதல்ல உள்ள வாங்க" என்றாள் அத்தை. "எல்லாரும் வாங்க. அப்புறம் கத்துறேன்."

அவர்கள் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்கள். அந்தக் கதவுக்குக் குனியவே தேவையில்லை. கடைசி ஆள் உள்ளே வந்த பிறகு அவள் கத்தினாள் பாருங்கள், பேராசிரியர் கையில் இருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது.